பிறப்புவழி: ஐ.நா. உடன்படிக்கையில் ஒரு சொல்லும் நமது வழக்கும்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரே ஒரு சொல்லைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1965 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொது அவை நிறைவேற்றிய இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் உறுப்பில் அந்தச் சொல் இருக்கிறது. இனம், நிறம், ‘டிசென்ட்’, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றின் பேரில் காட்டப்பட்டு, மனித உரிமைகளைச் சமமாகத் துய்க்க விடாமல் செய்கிற எந்த வேறுபாடும், விலக்கலும், கட்டுப்பாடும் இனப்பாகுபாடே என்கிறது அந்த உறுப்பு. ‘டிசென்ட்’ என்பதை வம்சாவளி என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. நமக்கு அது ஒட்டவில்லை. நம் ஊர்களில் வம்சாவளி என்பது பெரிய வீட்டுக்காரர்கள் பெருமை பேச எடுக்கும் சொல். இன்ன தெருவில், இன்ன வீட்டில் பிறந்தார் என்பதற்காகவே ஒருவர் மீது சுமத்தப்படுவதை இங்கே குறிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பிறப்புவழி என்று எழுதுகிறோம்.

அந்தச் சொல்லை வரைவில் சேர்க்கச் சொன்ன நாடு இந்தியா. அந்தச் சொல்லுக்குள் சாதி வராது என்று முப்பது ஆண்டுகள் கழித்து ஜெனீவாவில் வாதாடிய நாடும் இந்தியாதான். இடையில் என்ன நடந்தது, அதனால் நமக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைத்தான் பேசப்போகிறோம்.

களத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வழக்கைப் பதிய வைக்கவே காவல் நிலைய வாசலில் மூன்று நாள் உட்கார வேண்டியிருக்கிறது; இதில் ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்பி என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவும் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

உள்ளூரில் கேட்க ஆளில்லாதபோது வெளியே போய் முறையிடுவது நமக்குப் புதிதல்ல. 1890களிலேயே இரட்டைமலை சீனிவாசன் அதைச் செய்தார். இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் ஆதிக்க சாதியினரே அதிகாரத்துக்கு வருவார்கள் என்று எதிர்த்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த நிலைப்பாட்டைப் பற்றி இன்று இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் சேரியிலிருந்து கிளம்பிய ஒரு மனு கடல் தாண்டிப் போனது என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியாகக்கூடச் சொல்வதில்லை. அதே சீனிவாசன் பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தார். 1930இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். இவரைப் பற்றிப் பேசும்போது தென்னாப்பிரிக்கா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மண் இந்தக் கதையில் மறுபடியும் மறுபடியும் வரும்.

முதல் உலகப் போர் முடிந்து சர்வதேச சங்கத்துக்கான சாசனத்தைப் பாரிசில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இனச் சமத்துவம் பற்றி ஒரு வரி வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. 1919 ஏப்ரல் 11 அன்று வாக்கெடுப்பில் 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன், ஒருமனதான ஆதரவு இல்லை என்று சொல்லி அதைத் தள்ளினார். இதை வெள்ளையரின் துரோகமாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதே மாதங்களில் கொரியாவில் விடுதலை கேட்டுத் தெருவுக்கு வந்த மக்களை ஜப்பான் சுட்டுக்கொண்டிருந்தது என்பதையும், ஜப்பானுக்குள்ளேயே தோல் வேலையும் இறைச்சி வேலையும் செய்தவர்களின் சந்ததியான புராக்கு மக்கள் தனிச் சேரிகளில் ஒதுக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் புராக்கு மக்கள் 1922 மார்ச் 3 அன்று கியோட்டோ நகரில் கூடி, சுய்ஹெய்ஷா என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். வெளியே சமத்துவம் கேட்கும் அரசு உள்ளே அதைக் கொடுக்க மறுக்கும் என்பதற்கு ஜப்பான் முதல் உதாரணம். கடைசி உதாரணம் அல்ல.

இனச் சமத்துவ வரி போனது. சிறுபான்மையோர் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் வந்தன. போலந்து, ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நாடுகளிடம் கையெழுத்து வாங்கிய வல்லரசுகள் தங்களுக்கு அப்படி எதையும் விதித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாடு ஒரு முறை வேலை செய்தது. ஜெர்மனியும் போலந்தும் 1922இல் மேல் சிலேசியா பகுதிக்கென ஒரு தனி உடன்பாடு செய்திருந்தன. அதில் சிறுபான்மையோர் நேரடியாகச் சர்வதேச சங்கத்துக்கு மனு கொடுக்கலாம் என்று இருந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் யூதர் என்பதற்காக வேலை இழந்த ஃபிரான்ஸ் பெர்ன்ஹைம் என்ற சாதாரண ஊழியர் அந்த வழியில் மனு கொடுத்தார். கீழ்நிலை அதிகாரிகள் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று ஜெர்மனி சமாளித்தது. (நம் மாவட்ட அலுவலகங்களில் தினமும் கேட்கிற பதில்தான்.) ஆனால் உடன்பாடு காலாவதியான 1937 ஜூலை வரை நாஜிகளின் யூத எதிர்ப்புச் சட்டங்கள் அந்த ஒரு பகுதியில் மட்டும் நடைமுறைக்கு வரவில்லை. நான்கு ஆண்டு அவகாசம். அதைப் பயன்படுத்தி வெளியேறிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். தனிமனிதர் மனு கொடுக்கும் உரிமை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதிலிருந்து பார்க்க வேண்டும். அந்த உரிமைக்குப் பின்னால் திரும்ப வருவோம்.

இனி 1946. இந்த ஆண்டில் சற்று நின்று பேச வேண்டும்.

தென்னாப்பிரிக்க அரசு அந்த ஆண்டு இந்திய வம்சத்தினர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சேரிச் சட்டம் என்றே அங்கிருந்த நம் மக்கள் அதை அழைத்தார்கள். இந்தியா அந்தப் பிரச்சினையை ஐ.நா.வின் முதல் பொது அவைக்கே கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். எதிரே நின்றவர் ஜெனரல் ஸ்மட்ஸ், ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதுவதில் பங்கெடுத்தவர். அவருடைய வாதம் ஒன்றே ஒன்று: இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சாசனத்தின் 2ஆம் உறுப்பின் 7ஆம் பிரிவுப்படி ஐ.நா. இதில் தலையிட முடியாது. பொது அவை அதை ஏற்கவில்லை. 1946 டிசம்பர் 8 அன்று 32க்கு 15 என்ற வாக்கில், 7 நாடுகள் நடுநிலை வகிக்க, தீர்மானம் நிறைவேறியது. இனப்பாகுபாடு ஒரு நாட்டின் வேலிக்குள் நடந்தாலும் அது உலகத்தின் விவகாரம் என்ற நிலையை ஐ.நா.வில் நிலைநாட்டிய பெருமை இந்தியாவுக்கு உண்டு. அதை மறுக்க நமக்கு மனமில்லை. அந்தப் பெருமையை வைத்துத்தான் பின்னால் நாம் இந்தியாவிடம் கேள்வி கேட்கிறோம்.

அதே ஆண்டு ஜூலையில் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுத்திருப்பதைப் பத்திரிகையில் படித்ததாகவும், இந்தியாவின் தீண்டப்படாதோரும் அப்படிச் செய்ய எண்ணியிருப்பதாகவும், அந்த மனுவின் படிகள் இரண்டு மூன்று கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதினார். தேசிய நீக்ரோ காங்கிரஸ் கொடுத்த மனுவை இணைத்து அனுப்பினார். தங்கள் சங்கம் இன்னும் விரிவான ஒன்றைத் தயாரிக்கப்போகிறது என்றும் தெரிவித்தார். அப்படித் தயாரானதுதான் 1947 அக்டோபர் 23 அன்று ஐ.நா.விடம் கொடுக்கப்பட்ட ‘உலகுக்கு ஒரு முறையீடு’. அடிமை முறையிலிருந்து தொடங்கி வாக்குரிமை மறுப்பு, பள்ளி, மருத்துவமனை, படுகொலை என்று சட்டச் சான்றுகளோடு எழுதப்பட்ட ஆவணம் அது. அதற்கு என்ன நேர்ந்தது? மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த எலினார் ரூசவெல்ட் அதை முன்வைக்க மறுத்தார். சோவியத் யூனியன் அதைக் கையில் எடுத்தது. எடுத்த உடனே அது பனிப்போரின் ஒரு சீட்டாகிவிட்டது. மனு தோற்றது. 1951இல் வில்லியம் பேட்டர்சன் இன்னொரு மனுவைப் பாரிசுக்கு எடுத்துப்போனபோது, அமெரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டின் மீதே கை வைத்தது.

அம்பேத்கர் என்ன செய்தார்? 1951 செப்டம்பரில் அமைச்சரவையிலிருந்து விலகிய பின் அக்டோபரில் அவர் வெளியிட்ட நீண்ட அறிக்கையில் இதற்கு விடை இருக்கிறது. இந்து சட்டத் தொகுப்பு பற்றிய பகுதியையே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அறிக்கையில், பட்டியல் சாதியினரின் நிலை குறித்து ஐ.நா.வுக்குக் கொடுக்க ஓர் அறிக்கை தயாரித்திருந்ததாகவும், அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புத் தரலாம் என்று எண்ணி அதைக் கொடுக்காமல் விட்டதாகவும் அவர் சொல்கிறார். பட்டியல் சாதியினரின் நிலை மாறவில்லை, அதே பழைய கொடுமைதான் என்ற கசப்பும் அங்கேயே பதிவாகியிருக்கிறது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அரசியல் சட்டத்தை எழுதப்போகிறவர், புதிய குடியரசை உலகத்தின் முன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் காகிதத்தை மேசைக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் குடியரசுக்கு நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார். சாதியைப் பற்றி வெளிநாட்டில் பேசுவது தேசத் துரோகம் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. அவகாசம் கொடுத்தவர்கள் நம் பக்கத்தவர்கள். அதை வீணாக்கியவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

1965க்கு வருவோம். 1959 இறுதியில் மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் யூத வழிபாட்டு இடத்தில் ஸ்வஸ்திகா கிறுக்கப்பட்டு, அது பல நாடுகளுக்குப் பரவியது. 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக ஐ.நா.வுக்குள் நுழைந்தன. எண்ணிக்கை மாறியதும் அவையின் பேச்சும் மாறியது. 1963இல் பிரகடனம், 1965இல் உடன்படிக்கை. ஐ.நா.வின் முக்கிய மனித உரிமை உடன்படிக்கைகளில் கண்காணிப்புக் குழுவோடு வந்த முதல் உடன்படிக்கை இதுவே. குடிமை உரிமை, பொருளாதார உரிமை உடன்படிக்கைகள் 1966இல்தான் வந்தன. இந்தியா 1968 டிசம்பரில் இதை ஏற்புறுதி செய்தது. 1969 ஜனவரி 4 முதல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

வரைவு விவாதத்தில்தான் இந்தியா பிறப்புவழி என்ற சொல்லைத் திருத்தமாக முன்வைத்தது. அந்தச் சொல்லால் தாங்கள் எதைக் கருதுகிறோம் என்று விரித்துச் சொல்லவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே விவாதத்தில் இன்னொரு இடத்தில் இந்தியா வாய் திறந்தது. பின்தங்கிய பிரிவினருக்குத் தரப்படும் சிறப்பு ஏற்பாடுகள் பாகுபாடு ஆகாது என்று முதல் உறுப்பின் 4ஆம் பிரிவு சொல்கிறது. நம் இட ஒதுக்கீட்டுக்கு ஒப்பான பிரிவு. அதைப் பேசும்போது, ஒரே இனத்தவராக இருந்தும் சாதி அமைப்பால் நூற்றாண்டுகளாகத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இந்தப் பிரிவு பொருந்த வேண்டும் என்ற பொருளில் இந்தியப் பிரதிநிதி பேசினார். சாதி இந்த உடன்படிக்கைக்குள் வரவே வராது என்றால், சாதிக்கான சிறப்பு ஏற்பாட்டைக் காக்க இந்த உடன்படிக்கையில் ஏன் பிரிவு கேட்க வேண்டும்?

எதிர்த்தரப்பின் வாதத்தில் பலமான இடம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 16ஆம் உறுப்பின் 2ஆம் பிரிவில் சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றோடு ‘டிசென்ட்’ என்பதும் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் ஏன் தனித்தனியாக எழுதினார்கள் என்று கேட்பார்கள். பதில் எளிது. உள்நாட்டுச் சட்டத்தில் ஒரு சொல் இன்னொன்றின் பக்கத்தில் நிற்பதால், சாதி என்ற சொல்லே இல்லாத ஒரு சர்வதேச ஆவணத்தில் அந்தச் சொல்லின் வரம்பு சுருங்கிவிடாது. பல நாடுகள் சேர்ந்து எழுதிய உடன்படிக்கையின் சொல்லை அதன் இயல்பான பொருளில்தான் படிக்க வேண்டும். பிறப்பால் வருவது, பிறப்பால் மாற்ற முடியாதது. இதைவிடச் சாதிக்குப் பொருத்தமான விளக்கம் வேறென்ன?

1983 ஆகஸ்டில் அம்பேத்கரியர் பகவான் தாஸ் ஜெனீவாவில் ஐ.நா.வின் துணை ஆணையத்தின் முன் தீண்டாமை பற்றிச் சாட்சியம் சொன்னார். அம்பேத்கர் மேசைக்குள் வைத்த காகிதம், முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, அவரோடு பழகிய ஒருவரின் வாயால் அவைக்கு வந்தது என்று கொள்ளலாம். 1996இல் இந்தியாவின் அறிக்கையை உடன்படிக்கைக் குழு பரிசீலித்தபோது, பிறப்புவழி என்பது இனத்தையே குறிக்கும் என்று இந்தியா வாதிட்டது. குழு அதை ஏற்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலை உடன்படிக்கையின் வரம்புக்குள் வருகிறது என்று எழுத்தில் பதிவு செய்தது. இரண்டு ஆண்டில் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சாரம் உருவானது. 1999இல் ‘மனித உரிமைக் கண்காணிப்பகம்’ வெளியிட்ட, தலித் மக்கள் மீதான வன்முறை குறித்த அறிக்கையில் நமது மேலவளவும் தென் மாவட்டங்களும் இடம்பெற்றன. ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியை, ஐ.நா. அரங்குகளில் சாதி என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் அப்போது படித்தார்கள். 2000 ஆகஸ்டில் துணை ஆணையம் ‘தொழில் மற்றும் பிறப்புவழிப் பாகுபாடு’ குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தலைப்பில் முதல் ஆய்வறிக்கையை எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த சட்ட அறிஞர் குணசேகர.

அடுத்து டர்பன்.

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் வந்து நின்ற துறைமுகம் அதுதான். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் அந்த வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றோடு சாதிக்கென ஒரு பத்தியும் உண்டு. வெள்ளைக்கார எழுத்தர் ஒருவர் அந்தப் பத்தியைத் தன் காதில் விழுந்தபடி நிரப்பிக்கொண்டே போயிருக்கிறார். நிறத்துக்காக ஒடுக்கப்படப்போகிற மண்ணுக்குப் போன நம் முன்னோர்களைச் சாதியும் எழுத்தில் பின்தொடர்ந்து போயிருக்கிறது.

அந்த ஊருக்கு 2001இல் தலித் பிரதிநிதிகள் இருநூறு பேர் அளவில் போனார்கள். மார்ட்டின் மக்வான், பால் திவாகர், ரூத் மனோரமா போன்றோர் முன்னின்றார்கள். மாநாட்டின் செயல்திட்ட வரைவில் தொழில், பிறப்புவழிப் பாகுபாடு பற்றி 73ஆம் பத்தி என்று ஒன்று இருந்தது. அதில் சாதி என்ற சொல்கூட இல்லை. அந்த ஒரு பத்தியை எடுத்துவிடுவதுதான் இந்திய அரசின் முழு முயற்சியாக இருந்தது. அப்போது வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த ஓமர் அப்துல்லா, சாதியை இனத்தோடு சேர்ப்பது தவறான புரிதல் என்றும், உறுப்பு நாடுகளின் சமூகத்தை மாற்றியமைப்பது இந்த மாநாட்டின் வேலை அல்ல என்றும் பேசினார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஸ்மட்ஸ் இந்தியாவைப் பார்த்துச் சொன்னதைத்தான் இந்தியா ஸ்மட்ஸின் நாட்டில் நின்று தன் குடிமக்களைப் பார்த்துச் சொன்னது. இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் மட்டும் வேறு குரலில் பேசியது. நீதிபதி வர்மா தலைமையிலிருந்த ஆணையம், பாகுபாட்டுக்கு என்ன பெயர் என்பதைவிட அது தொடர்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது என்று அதே டர்பனில் சொன்னது.

73ஆம் பத்தி போய்விட்டது. தொண்டு நிறுவனங்களின் மன்றம் வெளியிட்ட பிரகடனத்தில் சாதி இடம்பெற்றது. அரசுகளின் ஆவணத்தில் இல்லை. பாலஸ்தீனப் பிரச்சினையை ஒட்டி அமெரிக்காவும் இஸ்ரேலும் நடுவிலேயே வெளியேறின. மாநாடு முடிந்த மூன்றாம் நாள் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. அதன் பிறகு டர்பனைப் பற்றிப் பேச உலகத்துக்கு நேரமில்லை.

அந்த ஆண்டு நடந்த அறிவுலகச் சண்டையைச் சமூகவியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சாதியை இனத்தின் ஒரு வடிவமாகக் கொள்வது அரசியல் விஷமம், அறிவியல்படி அபத்தம் என்று சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ‘தி இந்து’ நாளிதழில் எழுதினார். நாங்களும் அவருடைய நூல்களைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தான். தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் அவர் செய்த ஆய்வின் மதிப்பு குறையாது. ஆனால் இந்த இடத்தில் அவர் எதிராளி சொல்லாததை மறுத்துக்கொண்டிருந்தார். சாதியும் இனமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அம்பேத்கரே 1936இல் சாதி ஒழிப்பு உரையில், சென்னைப் பார்ப்பனருக்கும் சென்னைப் பறையருக்கும் இன வேறுபாடு ஏதுமில்லை என்று வாதிட்டவர். உடன்படிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. அது அடுக்கும் காரணங்களில் இனம் ஒன்று, பிறப்புவழி வேறொன்று. இன்னொன்றும் இருக்கிறது. இனம் என்பதற்கே உயிரியல் அடிப்படை இல்லை என்று 1950இலேயே யுனெஸ்கோ அறிக்கை சொல்லிவிட்டது. இன உயர்வுக் கோட்பாடு அறிவியல்படி பொய் என்று இந்த உடன்படிக்கையின் முகவுரையே கூறுகிறது. பொய்யான ஒரு கருத்தின் பேரில் நடக்கும் உண்மையான கொடுமையை ஒழிக்க வந்த ஆவணத்திடம் போய், சாதி அறிவியல்படி இனம் ஆகாது என்று சான்றிதழ் காட்டினால் என்ன பொருள்?

டர்பனில் தோற்றது ஓராண்டுக்குள் வேறு கதவு வழியாக வந்தது. 2002 ஆகஸ்டில் உடன்படிக்கைக் குழு 29ஆம் பொதுப் பரிந்துரையை ஏற்றது. பிறப்புவழி என்பது இனத்தை மட்டும் குறிக்கவில்லை, சாதியும் அதுபோன்ற மரபுவழி அந்தஸ்து முறைகளும் அதில் அடங்கும் என்று அது தெளிவாகச் சொன்னது. பரிந்துரை அடையாளம் காட்டும் குறிகளைப் படித்தால் ஜெனீவாவில் எழுதியது போலத் தோன்றாது. பிறந்த நிலையை மாற்றிக்கொள்ள முடியாமை. வெளியே மணம் முடிக்கத் தடை. குடியிருப்பிலும் பள்ளியிலும் வழிபாட்டு இடத்திலும் பொதுத் தண்ணீரிலும் ஒதுக்கல். இழிதொழிலை விட்டுவிட முடியாமை. கடனுக்கு அடிமையாதல். தீட்டு என்ற பேச்சு. இரட்டைக் குவளையும் சேரித் தெருவும் பிணம் கொண்டுபோகப் பாதை மறுப்பும் ஆணவக் கொலையும் இந்த வரிகளுக்குள் அப்படியே இருக்கின்றன. இது இந்தியாவைக் குறிவைத்து எழுதப்பட்டது என்ற புகாருக்கும் இடமில்லை. ஜப்பானின் புராக்கு, நைஜீரியாவின் ஓசு, ஏமனின் அக்தாம் என்று அழைக்கப்பட்டவர்கள், செனகல், மாலி நாடுகளின் தொழில்வழிச் சாதிகள் என்று பல மக்கள் இந்தக் குடைக்குள் வருகிறார்கள்.

2006 டிசம்பர் 27 அன்று டெல்லியில் நடந்த தலித், சிறுபான்மையோர் மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு இணையாகச் சொல்லக்கூடியது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி ஒன்றே என்று பேசினார். பாராட்டினோம். இரண்டே மாதத்தில், 2007 பிப்ரவரியில், அவருடைய அரசின் பிரதிநிதிகள் ஜெனீவாவில் குழுவின் முன் அமர்ந்து சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்ற பழைய பல்லவியைப் பாடினார்கள். ஆட்சி மாறினாலும் இந்த ஒரு விஷயத்தில் கொள்கை மாறுவதில்லை. டர்பனில் ஒரு கட்சியின் அரசு, 2007இல் இன்னொரு கட்சியின் அரசு. குழு மீண்டும் தன் நிலையை உறுதி செய்தது. அடுத்த அறிக்கையை 2010 ஜனவரிக்குள் தரும்படி கேட்டது. அது நீண்ட காலம் வராமலே கிடந்தது.

பக்கத்து நேபாளத்தில் நிலை வேறு. 2009இல் தொழில், பிறப்புவழிப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான வரைவு நெறிகளை அது வெளிப்படையாக ஆதரித்தது. 2011இல் சாதிப் பாகுபாட்டையும் தீண்டாமையையும் தண்டிக்கும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உலகத்தின் முன் ஒப்புக்கொண்டதால் அந்த நாட்டின் இறையாண்மை குலைந்துவிடவும் இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்கள் சாதியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன கதை தனியாகப் பேச வேண்டியது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ததையும், அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பியதையும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

இப்போது இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். ஜெனீவாவால் ஒரு சென்ட் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தர முடியாது. ஒரு குற்றவாளியைக்கூடச் சிறைக்கு அனுப்ப முடியாது. குழுவின் பரிந்துரையை மீறும் அரசுக்குத் தண்டனையும் கிடையாது. பெர்ன்ஹைம் செய்ததைப் போலத் தனிமனிதர் நேரே மனு கொடுக்க இந்த உடன்படிக்கையின் 14ஆம் உறுப்பு வழி செய்கிறது. ஆனால் அந்தந்த அரசு அதற்குத் தனியாக ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். இந்தியா தெரிவிக்கவில்லை. ஆகவே மேல் சிலேசியாவின் ஊழியருக்கு 1933இல் இருந்த வாசல், வேங்கைவயல் மக்களுக்கு இல்லை. இந்த ஒப்புதலைக் கேட்பது நம் கோரிக்கைப் பட்டியலில் இதுவரை மேலே வந்ததில்லை. வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கிடைத்தது என்ன? அரசு தன் அறிக்கையில் சட்டங்களை அடுக்கும். அதன் பக்கத்தில் வைக்க நாம் ஒரு நிழல் அறிக்கை கொடுக்கலாம். 2007இல் அப்படித்தான் நடந்தது. குழுவின் உறுப்பினர்கள் அரசுப் பிரதிநிதிகளிடம் கேட்ட கேள்விகள் களத்திலிருந்து போன தகவல்களால் கூர்மையானவை. அரசு மறுத்தால் மறுப்பும் பதிவாகிறது. ஆனால் அந்த அறிக்கையை டெல்லியிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்து எழுத முடியாது. சரக்கு மாவட்டத்தில் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். 16ஆம் விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் மாவட்டக் குழு எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்பு எங்கே, எத்தனை பேருக்கு நிவாரணத் தொகை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாயும் போதும். வருகிற பதிலையும், பதில் வராவிட்டால் மேல்முறையீட்டின் படியையும், முதல் தகவல் அறிக்கையின் நகலோடு சேர்த்து மாவட்டவாரியாக நம் அமைப்பு அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மாணவர்கள் நான்கைந்து பேர் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், ஓராண்டுக்குள் ஒரு மாநிலத்தின் கணக்கு கையில் இருக்கும்.